64 ஜிபியில் அடங்காத கஜா

கணக்குப்படி அடங்கியிருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கில் இருந்த கோப்புகள் மொத்தம் 37 ஜிபி. சர்வரின் ரேம் 64 ஜிபி. ஆனாலும் பைத்தான் நிரலை ஓடவிட்ட சில நிமிடங்களில் கறுப்புத் திரையில் ‘கில்டு’ என்ற ஒரே சொல் வந்து விழும். எந்த வரியில் பிழை, எதனால் பிழை என்று ஒரு விளக்கமும் இருக்காது.

2020-ன் பொதுமுடக்கக் காலம் அது. சென்னையில் வளிமண்டல அறிவியலில் ஆய்வு செய்துகொண்டிருந்த அந்த மாணவி பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி, கைபேசியின் ஹாட்ஸ்பாட், அதன் வழியாகத் துறையின் சர்வர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் வரைய நினைத்தது, தன் ஊரையே புரட்டிப்போட்ட கஜா புயலை. 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு மேற்கே போய் அரபிக்கடலில் இறங்கியது. அந்தப் பயணம் முழுவதிலும் காற்று எப்படிச் சுழன்றது என்பதை மணிக்கொரு படமாக வரைந்து, எல்லாவற்றையும் கோத்து ஒரு அசையும் படமாக்க வேண்டும் என்பது திட்டம்.

அதற்கான தரவு கையில் இருந்தது. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் தயாரிக்கும் இஆர்ஏ-5 தொகுப்பு, உலகம் முழுவதையும் கால் பாகைக்கு ஒரு புள்ளியாகப் பிரித்து மணிக்கொரு முறை காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் தருகிறது. கிழக்கு மேற்காக 1,440 புள்ளிகள், வடக்கு தெற்காக 721. பெருக்கினால் 10.38 லட்சம். தரைக்கு அருகிலிருந்து மேல் வளிமண்டலம் வரை 37 அழுத்த மட்டங்கள் என்பதால், ஒரு மணி நேரத்தின் ஒரே ஒரு அளவுக்கு 3.84 கோடி எண்கள். ஒரு நாளைக்கு 92 கோடி. காற்றைச் சொல்ல இரண்டு அளவுகள் வேண்டும்: கிழக்கு நோக்கிய வேகம், வடக்கு நோக்கிய வேகம். துறையில் யாரோ முன்பே உலகம் முழுமைக்குமாக இறக்கி வைத்திருந்த கோப்புகளில் புயலின் பத்து நாட்களை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அதுதான் அந்த 37 ஜிபி.

முதல் சந்தேகம் இணையத்தின் மேல் விழுந்தது. ஹாட்ஸ்பாட் அடிக்கடி அறுந்துபோகும் ஊர் அது. தொடர்பு அறுந்தால், அந்தத் தொடர்பில் ஓடும் நிரலும் பெரும்பாலும் நின்றுபோகும். அதனால் டிமக்ஸ் என்ற கருவிக்குள் நிரலை ஓடவிட்டார். அதற்குள் ஓடுவது சர்வரிலேயே தங்கிவிடும். இந்தப் பக்கம் மடிக்கணினியையே அணைத்தாலும் நிற்காது. அப்படியும் நிரல் செத்தது. இணையம் குற்றமற்றது என்று தெரிந்தது.

அடுத்த தடயம் ஓர் எண். நிரல் நிற்கும்போது 137 என்ற வெளியேறு எண்ணை விட்டுவிட்டுப் போயிருந்தது. லினக்ஸில் இதற்குத் தெளிவான பொருள் உண்டு. 128-உடன் 9-ஐக் கூட்டினால் 137. ஒன்பதாம் சிக்னல் என்பது மறுபேச்சுக்கு இடமில்லாமல் ஒரு நிரலை நிறுத்தும் கட்டளை. அப்படியானால் நிரல் தானாக விழவில்லை. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

அவர் சர்வர் பொறுப்பாளரைக் கைபேசியில் அழைத்தார். “சார், என் ஜாப்பை நீங்க யாராவது நிறுத்துறீங்களா?”

“நாங்க யாரும் தொடலம்மா. இருங்க, லாக் பார்க்கிறேன்” என்றவர் சற்று நேரத்தில், “கர்னலே தூக்கியிருக்கு. மெமரி பத்தல. உங்க ப்ராசஸ் மட்டும் அறுபது ஜிபிக்கு மேல பிடிச்சிருக்கு” என்றார்.

அந்த லாக் வரியை அவர் அப்படியே வெட்டி அனுப்பியும் வைத்தார். நினைவகம் தீர்ந்தது, இந்த எண்ணுள்ள நிரல் நிறுத்தப்பட்டது, சாகும்போது இத்தனை கிலோபைட் வைத்திருந்தது என்று எல்லாம் ஒரே வரியில் இருந்தது. அந்த ஒரு வரி முதல் நாளே கண்ணில் பட்டிருந்தால் பல இரவுகள் மிச்சமாகியிருக்கும். ஆனால் பல சர்வர்களில், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் லாக்கைச் சாதாரணப் பயனர் பார்க்க அனுமதி இருப்பதில்லை. அங்கேயும் இல்லை.

லினக்ஸ் ஏன் ஒரு எச்சரிக்கைகூடத் தராமல் கொல்கிறது? ஒரு நிரல் நினைவகம் கேட்கும்போது, கையில் அவ்வளவு இருக்கிறதா என்று கறாராகப் பார்க்காமல் கர்னல் ‘சரி’ என்று சொல்லிவிடுகிறது. கேட்ட இடத்தில் நிரல் உண்மையிலேயே எழுதத் தொடங்கும்போதுதான் இடம் ஒதுக்கப்படுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்ட அளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்பதால் வழக்கமான நாட்களில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாகப் பயன்படுத்தத் தொடங்கினால் சர்வரே உறைந்துவிடும். அதைத் தடுக்க ஓஓஎம் கில்லர் என்ற பகுதி விழித்துக்கொண்டு, அதிக நினைவகம் பிடித்திருக்கும் நிரலைத் தேடிக் கொல்லும். பைத்தானுக்குப் பிழைச்செய்தி எழுதக்கூட அவகாசம் கிடைப்பதில்லை.

சரி, 37 ஜிபி எப்படி அறுபதைத் தாண்டியது?

விடை கோப்பின் தலைப்பகுதியில் இருந்தது. அந்தக் காலத்தில் இஆர்ஏ-5 தரவு நெட்சிடிஎஃப் கோப்பாக வரும்போது, ஒவ்வொரு எண்ணும் 16 பிட் முழு எண்ணாகச் சுருக்கப்பட்டிருக்கும். கூடவே ஒரு பெருக்கெண்ணும் ஒரு கூட்டெண்ணும் எழுதப்பட்டிருக்கும். சுருக்கிய எண்ணைப் பெருக்கிக் கூட்டினால் உண்மையான காற்றின் வேகம் கிடைக்கும். இந்த வேலையை எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகம் கேட்காமலே செய்து கொடுத்துவிடுகிறது. ஆனால் கூட்டெண் இருந்தால், துல்லியம் குறையக் கூடாது என்று முடிவை 64 பிட் தசம எண்ணாக வைத்துக்கொள்கிறது. இரண்டு பைட் எட்டு பைட்டாகிறது. கால்படி அரிசி வெந்து பானை நிறைவது போல 37 ஜிபி 147 ஜிபியாகிறது. இதோடும் முடியவில்லை. மொத்த வேகத்தைக் கணக்கிட இரண்டு கூறுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அதே அளவுக்கு இன்னொரு தற்காலிக அணி உருவாகிறது. இந்தக் கணக்கை யாரும் ஒளித்து வைக்கவில்லை. கோப்பைத் திறந்ததும் அணியின் பரிமாணங்கள் திரையில் வந்துவிடுகின்றன. அவற்றைப் பெருக்கி எட்டால் பெருக்கினால் போதும். ஆனால் பெரும்பாலான ஆய்வு மாணவர்களுக்கு வகுப்பறையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

காரணம் தெரிந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. பெரிய தரவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிட டாஸ்க் என்ற நூலகம் இருக்கிறது. அதைச் சேர்த்தால் போதும் என்று பலரும் சொன்னார்கள். சேர்த்தார். சர்வர் முன்னைவிட வேகமாக நிரம்பியது. பல கோப்புகளை ஒன்றாகத் திறக்கும்போது அளவு எதுவும் சொல்லாவிட்டால், ஒரு கோப்பு முழுவதும் ஒரு துண்டாகிவிடுகிறது. ஒரு நாளின் ஒரு அளவு விரிந்தால் 7.4 ஜிபி. சர்வரில் 16 கோர்கள் இருந்ததால் டாஸ்க் எல்லாக் கோர்களுக்கும் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து ஒரே நேரத்தில் வேலை வாங்கியது. துண்டு போடுவது நினைவகத்தை மிச்சப்படுத்தும் என்பது, துண்டின் அளவையும் ஒரே நேரத்தில் எத்தனை துண்டு ஓடுகிறது என்பதையும் பெருக்கிப் பார்த்த பிறகுதான் உண்மையாகும்.

இதற்கிடையே அவரைக் குழப்பிய இன்னொன்று, நினைவகத்தைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளை. நிரல் எதுவும் ஓடாத நேரத்திலும் காலி இடம் என்ற பத்தியில் ஒன்றிரண்டு ஜிபிதான் காட்டியது. யாரோ நினைவகத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்றே தோன்றும். உண்மை வேறு. படித்த கோப்புகளை லினக்ஸ் ரேமிலேயே தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது காலி இடத்தை அல்ல, ‘கிடைக்கக்கூடியது’ என்று பொருள்படும் கடைசிப் பத்தியை. சர்வரில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இது.

பிறகு ஒரு நாள், வேலையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிட்ட நிலையிலும் அவருடைய நிரல் கொல்லப்பட்டது. டாப் கட்டளையில் கடைசியாகப் பார்த்தபோது அது 20 ஜிபிதான் பிடித்திருந்தது. இந்த முறை காரணம் அவருடைய நிரலில் இல்லை. அதே சர்வரில் வேறொருவர் ஒரு கணக்கைப் பல தனி நிரல்களாகப் பிரித்து ஓடவிட்டிருந்தார். ஒவ்வொன்றும் நான்கைந்து ஜிபி, மொத்தத்தில் நாற்பதுக்கு மேல். ஓஓஎம் கில்லர் ஆள் வாரியாகக் கூட்டிப் பார்ப்பதில்லை. நிரல் வாரியாகத்தான் பார்க்கிறது. தனி நிரல்களில் பெரியது மாணவியுடையது. அதனால் அது போனது. பகிர்ந்து பயன்படுத்தும் சர்வரில் நடக்கும் பெரிய அநியாயம் இதுதான். நிரம்பக் காரணமானவர் ஒருவர், இரவு முழுக்க ஓடிய கணக்கை இழப்பவர் இன்னொருவர். இழந்தவர் தன் நிரலிலேயே பிழையைத் தேடி நாட்களைச் செலவழிப்பார்.

இது தெரிந்ததும் பொறுப்பாளர் செய்தது எளிமையான, ஆனால் அருமையான காரியம். லினக்ஸின் சிஸ்டம்டி வழியாக ஒவ்வொரு பயனருக்கும் 12 ஜிபி என்று உச்சவரம்பு வைத்தார். அதன் பிறகு யார் வரம்பைத் தாண்டினாலும் அவருடைய நிரல்களுக்குள் மட்டுமே கத்தி விழும். பக்கத்து ஆளுக்கு ஆபத்தில்லை.

“பன்னெண்டுல முடியுமாம்மா?” என்று கேட்டார்.

“பார்க்கிறேன் சார்” என்றார் மாணவி.

முடிந்தது மட்டுமல்ல, மிக எளிதாக முடிந்தது. கஜாவைக் காட்ட அண்டார்க்டிகாவின் காற்று எதற்கு? பூமத்திய ரேகையிலிருந்து 20 பாகை வடக்கு வரை, 70 முதல் 100 பாகை கிழக்கு வரை வெட்டினால் வங்கக்கடல், தமிழ்நாடு, இலங்கை, அரபிக்கடலின் ஓரம் எல்லாம் உள்ளே வந்துவிடும். 10.38 லட்சம் புள்ளிகள் 9,801 ஆகின்றன. காற்றின் சுழற்சியைப் பார்க்க 850 ஹெக்டோபாஸ்கல் மட்டம், அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம், ஒன்றே போதும். 37 மட்டங்கள் ஒன்றாகின்றன. எண்களை 32 பிட்டாக வைத்துக்கொண்டால் பத்து நாட்களின் 240 மணி நேரத்துக்கும் இரண்டு கூறுகளும் சேர்ந்து 19 எம்பி. 147 ஜிபி எங்கே, 19 எம்பி எங்கே!

வெட்டுவதிலும் ஒரு கண்ணி இருந்தது. இஆர்ஏ-5 கோப்பில் அட்சரேகை வட துருவத்திலிருந்து, 90-லிருந்து, இறங்குமுகமாக எழுதப்பட்டிருக்கிறது. பூஜ்ஜியம் முதல் 20 வரை என்று கேட்டால் எக்ஸ்அரே பிழை சொல்லாது. ஒரு புள்ளிகூட இல்லாத வெற்று அணியைத் தரும். 20 முதல் பூஜ்ஜியம் வரை என்று கேட்க வேண்டும். மாற்றிக் கேட்டுவிட்டு, ‘நினைவகம் குறைந்துவிட்டது’ என்று மகிழ்ந்து படத்தைத் திறந்தால் வெள்ளைத் தாள் வரும். வெட்டியதும் அணியின் பரிமாணத்தை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்துதான் வந்தது. கடைசியில் நிலைத்த முறை இது: ஒரு நாளின் கோப்பைத் திறப்பது, வேண்டிய பகுதியையும் மட்டத்தையும் வெட்டுவது, வெட்டியதை மட்டும் ரேமில் ஏற்றுவது, கோப்பை மூடுவது, அடுத்த நாளுக்குப் போவது. டாஸ்க் தேவைப்படவே இல்லை.

படம் வரையும் கட்டத்தில் நினைவகம் மறுபடியும் ஏறியது, இந்த முறை வேறு மாதிரி. முன்பு செங்குத்தாக எகிறி விழும். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் ஐம்பது எம்பி வீதம் சாய்தளமாக ஏறிக்கொண்டே போய், இருநூறாவது படத்தை நெருங்கும்போது நிரல் செத்தது. இந்த வேறுபாட்டை யாரும் மனதில் இருத்திக்கொள்ளலாம். எகிறினால் ஏதோ ஒரு பெரிய அணி; மெல்ல ஏறினால் எதையோ திருப்பித் தராமல் வைத்திருக்கிறோம். மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் நூலகத்தில் வரைந்த படத்தைக் கோப்பாகச் சேமித்த பிறகும், மூடு என்று சொல்லும்வரை அது நினைவகத்திலேயே இருக்கும். 16-க்கு 9 அங்குலப் படம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 4,800-க்கு 2,700 பிக்சல். பிக்சலுக்கு நான்கு பைட். ஒரு படத்துக்கு 52 எம்பி, 240 படங்களுக்கு 12.4 ஜிபி. இருபது படங்களுக்கு மேல் திறந்தே இருந்தால் மேட்பிளாட்லிப் ஓர் எச்சரிக்கை தருகிறது. ஓடும் எழுத்துகளுக்கு நடுவே அதை யார் கவனிக்கிறார்கள்? சுழற்சியின் கடைசியில் படத்தை மூடும் ஒரு வரி சேர்ந்ததும் சாய்தளம் தட்டையானது.

அவருடைய ஆய்வு வழிகாட்டிக்குச் சுட்டியால் நகர்த்திப் பார்க்கும் படம் ஒன்றும் வேண்டியிருந்தது. உலாவியில் திறக்கும் ஜூபிட்டர் நோட்புக்கில் அதை வரைந்தபோது சர்வர் அமைதியாக இருந்தது. உறைந்தது பட்டுக்கோட்டையில் இருந்த மடிக்கணினி. ஊடாடும் படங்களை வரையும் பல நூலகங்கள் எல்லாப் புள்ளிகளையும் உலாவிக்கே அனுப்பிவிடுகின்றன. அத்தனையும் ஹாட்ஸ்பாட் வழியாக வந்து, எட்டு ஜிபிக்குள் உட்கார இடம் தேடின. சர்வரில் எவ்வளவு ரேம் சேர்த்தாலும் இந்தச் சிக்கல் தீராது. தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நினைவகம் எந்த இயந்திரத்தில் தீர்கிறது என்பதுதான். முழு எச்டி திரையில் இருப்பதே 20.7 லட்சம் பிக்சல். அதற்கு மேல் அனுப்பும் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. டேட்டாஷேடர் என்ற நூலகம் இந்த அடிப்படையில் இயங்குகிறது: கோடிக்கணக்கான புள்ளிகளைச் சர்வரிலேயே பிக்சல் வாரியாகத் தொகுத்து, முடிந்த படத்தை மட்டும் அனுப்புகிறது. அதற்கு மாறியதும் மடிக்கணினி மூச்சு விட்டது.

முப்பரிமாணப் படத்துக்குப் பாராவியூ. கிட்வேர் நிறுவனமும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் 2000-ல் தொடங்கிய இந்த மென்பொருள், பெருந்தரவைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்கென்றே சர்வர் ஒரு பாதி, பயனர் கணினி ஒரு பாதி என்று பிரித்து ஓடும்படி அமைந்தது. சதுரக் கட்டங்களாக ஒழுங்காக அடுக்கிய தரவுக்கு ஒவ்வொரு கட்டமும் எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்கத் தேவையில்லை. ஆனால் குறுக்கே வெட்டும் ‘கிளிப்’ போன்ற சில வடிகட்டிகள் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகின்றன. கலைந்த பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் எட்டு முனைகளையும் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். உலகின் ஒரு மணி நேரக் காற்றின் மொத்த வேகம் 32 பிட்டில் 154 எம்பி. அதன் பெரும்பகுதியை ஒழுங்கு கலைத்து வைத்துக்கொண்டால் கட்டங்களின் முகவரிக்கு மட்டும் மூன்று ஜிபி வரை போகும். முதலில் ‘எக்ஸ்ட்ராக்ட் சப்செட்’ வைத்து வேண்டிய பெட்டியை எடுத்துக்கொண்டு, மற்ற வடிகட்டிகளை அதற்குப் பிறகு போடுவதே சரியான வரிசை.

அசையும் படம் கடைசியில் வந்தது. சுழல் வங்கக்கடலைக் கடந்து வேதாரண்யத்தை நெருங்கும் படத்தின் மூலையில் நவம்பர் 15 என்று இருந்தது. வீட்டில் பார்த்தவர்கள் தேதி தப்பு என்றார்கள். அந்த இரவை அவர்கள் மறக்கவில்லை. இஆர்ஏ-5 உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டது. நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். படத்தில் காற்றின் உச்சவேகமும் அவர்கள் அனுபவித்ததைவிடக் குறைவாகவே இருந்தது. சுமார் 31 கிலோமீட்டர் இடைவெளியுள்ள மாதிரிக்குப் புயற்கண்ணைச் சுற்றியுள்ள கடுங்காற்றின் முழு வேகம் பிடிபடாது. தேதியைத் திருத்தினார், வேகத்தைப் பற்றி அடிக்குறிப்பு எழுதினார்.

சர்வர் வைத்திருக்கும் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். கூடுதல் ரேம் வாங்கக் கோப்பு நகர்த்தும் முன், ஒவ்வொரு பயனருக்கும் நினைவக வரம்பு வையுங்கள். தன் நிரல் ஏன் கொல்லப்பட்டது என்பதை மாணவர் தானே லாக்கில் பார்க்க வழி செய்யுங்கள். முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அணியின் அளவைத் தாளில் பெருக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். மூன்றுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை.